கிடைத்த இடம்

பண்டாரவளை ஸ்டேஷன் ரோட்டின் வளைவில்
பைரூஸ் நானாவின் கல்லுக்கடை.
சீட்டு எழுதுவது என் வேலை.
பெயர், எடை, கிடைத்த இடம், விலை.
என் கையெழுத்து சின்னது,
அதனால்தான் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு பிஸ்கட் டின் வந்தது.
தியத்தலாவையில் இறந்துபோன சர்வேயரின் சேகரிப்பு.
மகள் கிலோக் கணக்கில் விற்றுவிட்டாள்.
ஒவ்வொரு கல்லிலும் எண் ஒட்டியிருக்கிறார் மனுஷன்.
எண்களுக்குரிய கொப்பியைக் காணோம்.
ஊரெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர்
ஒரு கல்லுக்கும் ஊர் சொல்லாமல் போய்விட்டார்.

நாற்பத்தொன்று:
உள்ளங்கை அகலம், பாதியாய் அறுத்தது.
புறம், காய்ந்த ரொட்டி.
அறுத்த முகத்தில் சாம்பலும் தேனுமாக
பூ, பூ, பூ,
இடைவெளியின்றி நெருக்கியடித்து,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குட்டி வாய்.

“நாக்கால நனைச்சிப் பாருங்க” என்றார் நானா,
“காஞ்ச கல்லுக்கு முகம் தெரியாது.”
நனைத்தேன். பூக்கள் மேலே எழுந்து வந்தன.
கடலில் பிறந்ததாம்,
உப்புக் கரிக்குமென்று எதிர்பார்த்தேன்.
ஒன்றுமில்லை. குளிர் மட்டும்.

பூச்சிகள் கட்டிய வீடு.
பூச்சிகள் போயின, வீடு மண்ணுக்குள் போனது.
மணலின் சாரம் கரைந்த தண்ணீர்
சுவரில் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு
அதே இடத்தில் தன் துணுக்கை வைத்தது.
எடுத்தது, வைத்தது, எடுத்தது.
கட்டிய சுண்ணாம்பு முழுவதும் தீர்ந்த அன்று
வீடு அப்படியே நின்றது,
ஒரு ஜன்னலும் இடம் மாறாமல்.

“எவ்வளவு காலம், நானா?”
“ரெண்டு கோடி வருஷம்.
வாங்க வாறவனுக்கு மூணு கோடி.”

பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன்.
பவளம் என்று எழுதினால்
கட்டுநாயக்காவில் பெட்டியைக் கிளறிப்
பிடித்துவைப்பார்கள் என்று அவருக்குப் பயம்.
அகேட் என்று எழுதினால்
தட்டு நிறைய அகேட் கிடக்கிறது,
நானூறு ரூபாய்க்கு மேல் யார் தருவார்?
நானா தொப்பியைக் கழற்றித்
தலையைச் சொறிந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

கிடைத்த இடம்?
இந்த மலையில் எதை உடைத்தாலும்
ஒரு சிப்பியின் தழும்பு இருக்காது.
ஆழத்தில் வெந்து வெந்து
எல்லாவற்றையும் மறந்துவிட்ட பாறை.
நாற்பத்தொன்று வேறெங்கிருந்தோதான் வந்தது,
தபாலிலோ, கப்பலிலோ,
யாருடையவோ காற்சட்டைப் பையிலோ.

“சுமாத்ரா எண்டு போடுங்க.”
“தெரியுமா?”
“இடமில்லாத கல்ல சேக்கிறவன் தொடமாட்டான்.”

கட்டங்களை எனக்குத் தெரியும்.
பூனாகலைக்கு மேலே, மழை நாளில் பிறந்தேன்.
என் சான்றிதழின் ஒரு கட்டத்தில்
இந்தியத் தமிழர் என்றிருக்கிறது.
இந்தியாவை நான் தொலைக்காட்சியில் பார்த்ததுதான்.
எழுதியவருக்கு என்னைத் தெரியாது.
அவருடைய கையெழுத்தும் சின்னது.

சனிக்கிழமை, சால்வைக்கு மேல் சால்வை போர்த்து
கல்குடாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ்
கண்ணாடிப் பெட்டியைத் தட்டினாள்.
“ஐயோ, முருகைக்கல்! எங்கட கரையெல்லாம் இதுதானே.
சூளையில போட்டு நீறாக்குவாங்கள்.”
எடுத்துக் கொடுத்தேன்.
கை சற்றுத் தாழ்ந்தது.
“பாரமாக் கிடக்கு. இது நீறாகாது.”
கட்டைவிரலால் ஒரு பூவைச் சுற்றி வந்தாள்.
விலை கேட்டாள், சிரித்தாள்,
பக்கத்துக் கடையில் ஸ்ட்ராபெரி ஜாம் வாங்கிக்கொண்டு
பஸ்சுக்கு ஓடினாள்.

அவள் போனபின் எழுதினேன்:
முருகை, கல்லானது. 212 கிராம்.
கிடைத்த இடம்: பிஸ்கட் டின், தியத்தலாவை.
நானா வாசித்தார். விலையை மட்டும் திருத்தினார்,
ஏழாயிரமாக.

இன்னும் விற்கவில்லை.
நான்கு மணிக்கு மூடுபனி
வாடிக்கைக்காரன் மாதிரி உள்ளே வந்து
பெட்டிகளின் மேல் சாய்கிறது.
கதவு சரியாய்ப் பொருந்தாத அந்தத் தட்டில்
நாற்பத்தொன்று வியர்க்கிறது,
யாருடைய நாக்கும் படாமல்
பூக்கள் ஒவ்வொன்றாய் வாய் திறக்கின்றன.

எல்லாக் கல்லையும் துடைத்துவிட்டுத்தான்
கடையைப் பூட்ட வேண்டும்.
அதை மட்டும் நான் துடைப்பதில்லை.